ஒரு புள்ளி சிக்னலில் ஆடு புலி

கோடிங் கத்துக்க ஆரம்பிச்ச மூணாவது மாசம் எல்லாருக்கும் ஒரு காய்ச்சல் வரும். பேரு, 'நாமளே ஒரு கேம் பண்ணலாமா மச்சி' காய்ச்சல். கேன்டீன்ல நாலு பேர் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, நோட்டோட கடைசிப் பக்கத்துல பிளான் போடுவாங்க. தீவு இருக்கும், பாராசூட் இருக்கும், நூறு பேர் ஒரே நேரத்துல சுட்டுக்குவாங்க, மழை பெய்யும், துப்பாக்கி நனையும்... அடுத்த செமஸ்டர்ல அந்த நோட்டும் இருக்காது, கேமும் இருக்காது. ஃபைனல் இயர்ல ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய் காசைக் கட்டி, 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' வாங்கிட்டு வந்து வைவாவுல முழிப்பாங்க.

பசங்களுக்குத் திறமை இல்லைன்னு நான் நம்ப மாட்டேன். தப்பான கேமை எடுத்துக்கிறாங்க, அதான் விஷயம். ஆளுக்கு ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு ஆடுற மாதிரி சின்னதா, ஆனா உருப்படியா ஒரு ஆன்லைன் கேமை ஆரம்பநிலை ஆசாமிங்க எப்படிக் கட்டுறது? இந்த வாரம் அதைப் பார்ப்போம். களம் பழனி மலை. ஏன் அங்கே போகணும்னு கேட்கறீங்களா? நெட் பிரமாதமா இருக்கிற ரூம்ல உட்கார்ந்து எழுதுற ஆன்லைன் கேம்ல எங்கெங்க ஓட்டைன்னு கடைசிவரைக்கும் தெரியாது பாஸ். மலையில பத்தே நிமிஷத்துல தெரிஞ்சுடும்!

ஒரு கணக்குக்கு மூணு ஃப்ரெண்ட்ஸை எடுத்துக்குவோம். லீவு விட்டாச்சு. ஒருத்தன் பழனி அடிவாரத்துல, மொட்டைமாடியில, நாலு கட்ட சிக்னலோட ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கான். ஒருத்தி அட்டுவம்பட்டியில, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக ஹாஸ்டல்ல. மூணாவது ஆள் பூம்பாறையில, அப்பாவோட பூண்டுத் தோட்டத்துல (2019-ல புவிசார் குறியீடு வாங்கினதே கொடைக்கானல் மலைப்பூண்டு, அதேதான்). டவர் ஒரு சரிவைப் பார்த்து நின்னா, முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சரிவு அதுக்கு நிழல். பாத்தியோட இந்த முனையில ஒரு புள்ளி சிக்னல், அந்த முனையில அதுவும் இல்ல. இந்த மூணு பேரும் சேர்ந்து ஆடணும். பூம்பாறைக்காரன் நெட் போனதால தோத்தான்னு ஒரு நாளும் ஆகக்கூடாது. இதுதான் நமக்கு நாமே வெச்சுக்கிற கண்டிஷன்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1978-ல இங்கிலாந்து எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் டிரப்ஷா-ன்னு ஒரு மாணவர், காலேஜோட பெரிய டெக் கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு எழுத ஆரம்பிச்சார். படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்து. அவரோட முதல் வெர்ஷன்ல என்ன இருந்துச்சு தெரியுமா? ஒண்ணோடொண்ணு இணைஞ்ச சில இடங்கள். அதுல நடக்கலாம், அங்கே இருக்கிறவங்களோட பேசலாம். அவ்வளவுதான், கதை முடிஞ்சது! 1980-ல அதைக் கையில வாங்கினவர் அதே யுனிவர்சிட்டி மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில். 'மட்' அப்படிங்கிற அந்த விளையாட்டுலேர்ந்துதான் இன்னைக்கு லட்சக்கணக்கானவங்க ஆடுற ஆன்லைன் உலகங்களோட வம்சாவளியே தொடங்குது. ரெண்டு ஸ்டூடன்ட்ஸ், ஒரு காலேஜ் மெஷின். வாளும் புதையலும் அப்புறமா வந்துச்சு. ரெண்டு பேர் ஒரே உலகத்தைப் பார்க்கறாங்களான்னு தெரிஞ்சுக்கறதுதான் அவங்களுக்கு முதல் வேலை.

நம்ம கேமுக்கும் அதேதான் முதல் வேலை. அதுக்கு நான் சிபாரிசு பண்றது ஆடு புலி ஆட்டம். சிரிக்காதீங்க. மும்பைப் பக்கம் கேமிஷன் கம்பெனியில விகாஷ் ஜெய்ஸ்வால் 2016-ல இறக்கின லூடோ கிங்கும் ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச பழைய ஆட்டம்தானே? 2020 லாக்டவுன்ல மாமியார் மருமகள் வரைக்கும் அதுலதான் சண்டை போட்டாங்க. பழைய ஆட்டத்துல பெரிய வசதி என்னன்னா, ரூல்ஸை யாரோ பல தலைமுறையா டெஸ்ட் பண்ணி வெச்சிருக்காங்க. எத்தனை பழைய கோயில் மண்டபத் தரையில ஆடு புலிக் கட்டம் கீறியிருக்குன்னு அடுத்த தடவை குனிஞ்சு பாருங்க.

தெரியாதவங்களுக்கு: மேல ஒரு உச்சிப் புள்ளி. அதுலேர்ந்து நாலு கோடு கீழ இறங்கும். குறுக்கே ஒரு செவ்வகம், அதுல மூணு படுக்கைக் கோடு. அடியில ஒரு கோடு. சந்திக்கிற புள்ளிகளை எண்ணினா 23. புலி 3, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொண்ணா இறக்கணும், பதினஞ்சும் இறங்கினப்புறம்தான் ஆடு நகரலாம். புலி ஆட்டைத் தாண்டிக் காலிப் புள்ளியில குதிச்சா ஆடு அவுட். மூணு புலியையும் அசையவிடாம அடைச்சா ஆட்டுக்காரங்க ஜெயிச்சாங்க. எத்தனை ஆடு போனா புலி ஜெயிக்கும், புலியை ஆரம்பத்துல எங்கே வைக்கணும்கிறது ஊருக்கு ஊர் மாறும். அதனால கீபோர்டைத் தொடறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட கேட்டு, மூணு பேரும் ஒரே ரூல்ஸைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பாதி சண்டை அங்கேயே தீர்ந்துடும்.

கோடுக்கு வருவோம். புள்ளிகளுக்கு 0 முதல் 22 வரை நம்பர். எந்தப் புள்ளிக்கு எது பக்கத்து வீடுன்னு ஒரு பட்டியல். நான் சொன்ன கட்டத்துல 38 இணைப்பு வரும், கையால எழுதிடலாம். இதுக்கு எந்த ஃபார்முலாவும் தேடாதீங்க, நேரம் வேஸ்ட். அப்புறம் ஆட்டத்தோட இப்போதைய நிலை: 23 புள்ளிக்கு 23 எழுத்து, யார் முறைங்கறதுக்கு ஒண்ணு, கையில மிச்சமிருக்கிற ஆட்டுக்கு ரெண்டு, வெட்டுப்பட்ட ஆட்டுக்கு ரெண்டு, எத்தனாவது நகர்வுங்கறதுக்கு மூணு. மொத்தம் 31 எழுத்து. ஒரு ஆங்கில எஸ்.எம்.எஸ்ஸுல 160 எழுத்து போகும். அதாவது நம்ம முழு விளையாட்டும் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுல அஞ்சு தடவை அடங்கும். பூம்பாறை ஒரு புள்ளி சிக்னலுக்கு இது தாராளம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ்ப் பற்று பொங்கி, ஆட்டுக்கு 'ஆ', புலிக்கு 'பு'ன்னு வெச்சீங்கன்னா வசமா மாட்டுவீங்க. 'ஆ' யூனிகோடுல ஒரே குறி. 'பு' நம்ம கண்ணுக்கு ஒரு எழுத்து, ஆனா யூனிகோடுல 'ப'வும் உகரக் குறியும் சேர்ந்து ரெண்டு. மூணு புலியும் களத்துல இருந்தா 23 நீளம் 26 ஆயிடும், ஆடெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். திரையில தமிழ்ல காட்டுங்க, உள்ளே ஆங்கில எழுத்து போதும்.

இப்ப மெயின் வில்லன் என்ட்ரி. அதுக்கு நாம கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரணும். 1899-லேர்ந்து இயங்குற இடம். ஜான் எவர்ஷெட் 1909-ல சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடறதை இங்கேதான் கண்டுபிடிச்சார், அதுக்கு 'எவர்ஷெட் விளைவு'ன்னே பேர். அவர் பார்த்த சூரியன் எப்போதைய சூரியன்? ஒளி வந்து சேர ஏறக்குறைய 8 நிமிஷம் 20 செகண்ட் ஆகுது. அதாவது பழைய சூரியன். இப்ப இந்த நொடி அங்கே என்ன நடக்குதுன்னு பூமியில யாராலயும் பார்க்க முடியாது. ஆன்லைன் கேமும் டிட்டோ. உங்க திரையில தெரியற எதிராளி எப்பவும் கொஞ்ச நேரத்துக்கு முந்தைய எதிராளி. அது கால் செகண்டா இருக்கலாம், மலையில நாலு செகண்டா இருக்கலாம். ஸீரோ ஆகவே ஆகாது.

லேட்டா வந்தாக்கூடப் பரவாயில்ல. வராமலே போனா? இதுக்கு ஒரு பிரபலமான புதிர் இருக்கு. 1975-ல மூணு ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க, 1978-ல ஜிம் கிரே அதுக்கு 'இரண்டு தளபதிகள்'னு பேர் வெச்சார். (நம்ம 'மட்' பிறந்த அதே வருஷம்!) பழனி மலைக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி கதை. ரெண்டு குன்று, நடுவுல பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குல எதிரி. ரெண்டு குன்றுலயும் நம்ம தளபதிங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இறங்கினாத்தான் ஜெயிக்க முடியும். முதல் தளபதி ஆள் அனுப்பறார்: 'நாளைக் காலையில தாக்குவோம்.' அந்த ஆள் வழியில மாட்டிக்கலாம். அதனால ரெண்டாவது தளபதி 'சரி'ன்னு பதில் அனுப்பறார். அந்தப் பதிலும் மாட்டிக்கலாமே? 'உன் சரி வந்து சேர்ந்துச்சு'ன்னு இவர் திரும்ப அனுப்பணும். அது போச்சான்னு இவருக்கு எப்படித் தெரியும்? இப்படியே எத்தனை ஆள் போனாலும் ரெண்டு பேருக்கும் நூறு சதவீத நிச்சயம் கிடைக்கவே கிடைக்காது. இது கணக்குப்படி நிரூபிச்ச விஷயம், எந்த மொபைல் கம்பெனியாலயும் மாத்த முடியாது.

சிக்னல் இல்லாத இடத்துல நாம போன் பேசறதைக் கவனிச்சிருக்கீங்களா? 'ஹலோ... கேக்குதா?' 'கேக்குது... நான் பேசறது கேக்குதா?' 'ஆங், கேக்குது கேக்குது!' தளபதிங்க பண்ணின அதே வேலை. கோடைப் பண்பலை 100.5-க்கு இந்தத் தொல்லையே இல்ல. மலை மேல நின்னு தென் மாவட்டங்களுக்குப் பாட்டுப் போடும், நீங்க கேட்டீங்களான்னு அதுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. நம்ம கேம் ரேடியோ மாதிரி இருக்க முடியாது, அதுக்குப் பதில் வேணும்.

அதனால நாம நிச்சயம் தேடப் போறதில்ல, சேதாரம் இல்லாமப் பார்த்துக்கப் போறோம். வழி சிம்பிள். எல்லா நகர்வுக்கும் ஒரு நம்பர். பூம்பாறைக்காரன் 'நகர்வு 14, ஆடு, புள்ளி 15-ல இறக்கு'ன்னு அனுப்பறான். சர்வர் அதை ஏத்துக்கிட்டு '14 ஓகே'ன்னு பதில் அனுப்புது. அந்தப் பதில் வர்றதுக்குள்ள சிக்னல் கட். இவனுக்குத் தன் ஆடு இறங்குச்சா இல்லையான்னே தெரியாது. நெட் வந்ததும் அவன் போன் அதே 14-ஐத் திரும்ப அனுப்பும். நம்பர் இல்லாத கேமா இருந்தா சர்வர் என்ன சொல்லும்? '15-ல ஏற்கெனவே ஆள் இருக்கு, தப்பான நகர்வு!' அவன் திரையில எர்ரர், பழனிக்காரன் திரையில ஆடு ஹாயா உட்கார்ந்திருக்கு. ரெண்டு பேர், ரெண்டு உலகம், நட்பு காலி. நம்பர் இருந்தா, 'ஓ, இந்த 14-ஐ நான் முன்னாடியே முடிச்சுட்டேனே, இந்தா உன் ஓகே'ன்னு அதே பதிலைத் திரும்பக் கொடுத்துடும். அதே நகர்வு பத்து தடவை வந்தாலும் ஆடு ஒண்ணுதான் இறங்கும். டீக்கடையில யு.பி.ஐ. சுத்திக்கிட்டே நிக்கறப்ப ரெண்டாவது தடவை காசு போயிடுமோன்னு பயப்படறோம்ல, அங்கேயும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி நம்பர் இருக்கிறது இந்த மாதிரி குழப்பத்தைத் தீர்க்கத்தான். ஆடு புலியில இதை ஒழுங்கா எழுதினவங்க பேங்க் சாஃப்ட்வேர் இன்டர்வியூல தெம்பாப் பேசலாம்.

திரும்பி வர்றவன் முதல்ல கேட்க வேண்டியது: 'இப்ப நிலவரம் என்ன?' அந்த 31 எழுத்தை அப்படியே தூக்கி அனுப்பிடுங்க. எதை விட்டான், எதைப் பார்த்தான்னு கணக்குப் பார்க்கற வேலையே வேண்டாம். சின்ன கேமை எடுத்ததோட பலன் இங்கேதான் தெரியும்.

'டி.சி.பி. இருக்கே, அது எல்லாத்தையும் வரிசையா சேர்த்துடுமே'ன்னு நெட்வொர்க்ஸ் பேப்பர்ல அரியர் இல்லாதவங்க கேட்பீங்க. சேர்க்கும், இணைப்பு உயிரோட இருக்கிற வரைக்கும். இணைப்பே அறுந்தா, கடைசியா அனுப்பினது போச்சா இல்லையான்னு அதுவும் கையை விரிச்சுடும். இன்னொரு குணமும் அதுக்கு உண்டு. வத்தலக்குண்டு மலைப்பாதையில ஒரு கொண்டை ஊசி வளைவுல லாரி மாட்டிக்கிட்டா பின்னாடி வர்ற அத்தனை பஸ்ஸும் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கும் இல்லையா? டி.சி.பி. அப்படித்தான். ஒரு துண்டு தொலைஞ்சா, அது திரும்ப வர்ற வரைக்கும் பின்னாடி வந்ததெல்லாம் வெயிட்டிங். யு.டி.பி. வேற ரகம். வந்தா வந்துச்சு, வராட்டிப் போகட்டும், வரிசையும் கிடையாது. துப்பாக்கி கேம்கள் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருக்கு, ஏன்னா ரெண்டு செகண்டுக்கு முன்னாடி எதிரி எங்கே நின்னான்னு இப்ப தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? முறை வெச்சு ஆடற நம்ம ஆட்டத்துக்கு டி.சி.பி. மேல ஓடற வெப்சாக்கெட் போதும், 2011-லயே தரமாக்கப்பட்ட விஷயம். பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ, லேப்ல எது சொல்லிக் கொடுத்தாங்களோ அதுலயே எழுதுங்க. லாங்குவேஜ் சண்டையை கேன்டீனோட விட்டுடுங்க.

அடுத்து, உண்மை யார்கிட்ட இருக்கணும்? சர்வர்கிட்ட. இதுல சமரசமே கிடையாது. போன் 'நான் இந்த ஆட்டை வெட்டிட்டேன்'னு அறிவிக்கக் கூடாது. '4-லேர்ந்து 9-க்குப் போகணும், போகலாமா?'ன்னு கேட்கத்தான் செய்யணும். முறை உன்னுதா, கோடு இருக்கா, புள்ளி காலியா, தாண்டறதுக்கு நடுவுல நெஜமாவே ஆடு இருக்கான்னு பார்த்துட்டு சர்வர் முடிவு சொல்லும். பிரவுசர்ல எஃப்-12 அமுக்கத் தெரிஞ்ச எவனும் உங்க திரையில ஓடற கோடை மாத்திடுவான். உங்க க்ளாஸ்ல அப்படி ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். அவன்கிட்ட சண்டை போடாதீங்க, டெஸ்டரா சேர்த்துக்கங்க.

இப்ப எனக்கே ரொம்பப் பிடிச்ச சிக்கல். பூம்பாறைக்காரன் அஞ்சு நிமிஷமா சத்தத்தைக் காணோம். சிக்னல் போச்சா? இல்ல தோக்கப் போறோம்னு தெரிஞ்சு நெட்டை ஆஃப் பண்ணிட்டானா? சர்வருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. ரெண்டுமே ஒரே மௌனம். நிறைய கேம்ல முப்பது செகண்ட் பார்த்துட்டு 'நீ அவுட்'னு சொல்லிடறாங்க. நகரத்துல நாலு கட்ட சிக்னலோட உட்கார்ந்து எழுதினவங்க வெச்ச கணக்கு அது. மலைக்காரனுக்கு அது அநியாயம். என் ஓட்டு ரெண்டு ரகமா வெச்சுக்கறதுக்கு. 'இப்பவே ஆடலாம்'னா நகர்வுக்கு மூணு நிமிஷம். 'சாவகாசம்'னா நகர்வுக்கு ஒரு நாள். கார்டுல எழுதி அனுப்பித் தபால்லயே மாசக்கணக்கா செஸ் ஆடினவங்க இருந்தாங்க, ஒரு நாள் ஒண்ணும் பெருசில்ல. நேரம் முடிஞ்சாலும் 'தோல்வி'ன்னு எழுதாம 'பாதியில நிக்குது'ன்னு எழுதுங்க, எதிராளி விட்டுக்கொடுத்தா அடுத்த நாள் தொடரட்டும். ஏமாத்தறவன் இதைப் பயன்படுத்திக்க மாட்டானான்னா, பயன்படுத்திக்குவான். தோட்டத்துல நிக்கற ஒருத்தனைத் திருடன்னு சொல்றதுக்கு, ஏமாத்தற ஒருத்தன் தப்பிச்சுட்டுப் போறது மேல்னு நான் நினைக்கிறேன். பரிசு கிடையாது, காசு கிடையாது, அப்புறம் என்ன நஷ்டம்? (காசு வெச்சு ஆடற ஐடியா யாருக்காவது வந்திருந்தா இங்கேயே அழிச்சுடுங்க. பண ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டு 2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டமே வந்தாச்சு.)

வேகமான கேம்தான் வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு ஒரு தகவல். 1997-ல வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஞாபகம் இருக்கா? 28.8 கிலோபிட் டயல்-அப் மோடத்துல நூத்துக்கணக்கான வீரர்களோட ஓடணும். ஒவ்வொரு வீரனும் எங்கே நிக்கறான்னு அனுப்பினா லைன் திணறிடும். அதனால 'இவங்களை இங்கே அனுப்பு'ங்கற கட்டளையை மட்டும் அனுப்பினாங்க, எல்லாக் கம்ப்யூட்டரும் அதே கணக்கைத் தனித்தனியாப் போட்டு ஒரே முடிவுக்கு வந்துச்சு. அவங்க கவனிச்ச இன்னொரு விஷயம்: கால் செகண்ட் தாமதத்தை ஆடறவங்க கண்டுக்கவே இல்ல. ஒரே சீரா அரை செகண்ட் லேட்டானாக்கூடப் பழகிக்கிட்டாங்க. ஒரு தடவை டக்குனும் ஒரு தடவை இழுத்துக்கிட்டும் வந்தாத்தான் கடுப்பானாங்க. மலையில நெட் எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும்.

மூணு பேருக்கும் வேலைப் பிரிவினை: ஒருத்தர் சர்வர், ஒருத்தர் திரை, ஒருத்தருக்கு உடைக்கறதே வேலை. உடைக்கறவர்தான் முக்கியம், அதனால அது மொக்கை வேலைன்னு யாரும் தள்ளிவிடாதீங்க. முதல்ல ஒரே லேப்டாப்ல ரெண்டு விண்டோ. அப்புறம் ஒரே வைஃபையில ரெண்டு போன். ஹாஸ்டல் லேப்டாப்ல சர்வரை ஓட்டிட்டு, 'பழனிலேர்ந்து கனெக்ட் ஆகலையே'ன்னு தலையைப் பிச்சுக்காதீங்க. காலேஜ் நெட்வொர்க்குக்கு உள்ளே இருக்கிற மெஷினுக்கு வெளியிலேர்ந்து பொதுவா வழி கிடையாது. இலவசமாவோ, மாசம் சில நூறு ரூபாய்க்கோ வெளியில ஒரு சின்ன சர்வர் கிடைக்கும், அங்கே ஏத்துங்க.

ஏத்தினதும், நாலு கட்ட சிக்னல்ல ஆடிப் பார்த்துட்டு ட்ரீட் கேட்காதீங்க. சர்வர்லயே வேணும்னு சதி பண்ணுங்க. அஞ்சுல ஒரு பதிலை அனுப்பாம முழுங்கட்டும், சில பதிலை மூணு செகண்ட் பிடிச்சு வெச்சு விடட்டும். அதுலயும் தாக்குப் பிடிச்சா, உடைக்கற வேலைக்காரரை வத்தலக்குண்டு பஸ்ல ஏத்திவிடுங்க, ஜன்னல் சீட். பெருமாள்மலை தாண்டினதும் ஆட்டத்தைத் தொடங்கட்டும். வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். பஸ் அடிவாரத்தைத் தொடும்போது மூணு போன்லயும் அந்த 31 எழுத்தை எடுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிப் பாருங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாலும், மறுபடி மேல போற பஸ் எத்தனை மணிக்குன்னு ஸ்டாண்டுல விசாரிச்சு வைங்க.